மரத்துக்கு வீடு கட்டியவர்கள்

(ஆனந்த குமாரசுவாமியின் பிறந்த நாளை ஒட்டி ஆழ்வார்திருநகரியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று காலை ரயிலை விட்டு இறங்கியதும் நேரே கோயிலுக்குத்தான் போனேன். ஆதிநாதரைச் சேவித்தேன், நம்மாழ்வாரைச் சேவித்தேன், பிறகு எப்போதும்போலத் திருப்புளியாழ்வாருக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். குருகூர் என்கிற இந்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் புளிய மரத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. இராத்திரியிலும் இலை மூடாததால் உறங்காப்புளி என்று பெயர் வந்ததையும், அதன் பொந்தில் பதினாறு ஆண்டு ஆழ்வார் யோகத்தில் எழுந்தருளியிருந்ததையும், வடநாட்டில் இருந்தபடி ஒளியைக் கண்ட மதுரகவியாழ்வார் அதைப் பின்பற்றி இங்கே வந்து சேர்ந்ததையும் பாட்டிமார் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நீங்கள். ஆகையால் நான் மரத்தை விட்டுவிடுகிறேன். மரத்துக்குக் கீழே உள்ள மேடையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த மேடையை எப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதரைப் பற்றியும்.

அவர்தான் கலை வரலாற்றாளர் ஆனந்த குமாரசுவாமி. 1877 ஆகஸ்ட் 22 அன்று கொழும்பில் பிறந்தவர். அப்பா முத்து குமாரசுவாமி ஈழத் தமிழர், பெரிய வழக்கறிஞர், சட்டசபையில் இருந்தவர், 1874இல் ‘சர்’ பட்டம் பெற்றவர். நம் அரிச்சந்திர நாடகத்தை 1863இலேயே ஆங்கிலத்தில் கொடுத்தவரும் அவர்தான். இலங்கைத் தமிழ்த் தலைவர்கள் பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன் என்றால் இந்தக் கடற்கரைக்காரர்களுக்குக் குடும்பம் சட்டென்று விளங்கிவிடும். தூத்துக்குடியில் தோணி ஏறினால் கொழும்பு என்றிருந்த காலம் அது. அம்மா எலிசபெத், இங்கிலாந்தின் கென்ட் பகுதிப் பெண். பிள்ளைக்கு இரண்டு வயது முடிவதற்குள், 1879இல், அப்பா காலமாகிவிட்டார். பிள்ளை இங்கிலாந்திலேயே வளர்ந்தது. லண்டனில் படித்தது கலையும் அல்ல, வரலாறும் அல்ல. தாவரவியலும் நிலவியலும்.

இந்த நிலவியலைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குமாரசுவாமியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதை ஒரு வரியில் தாண்டிவிட்டு நடராஜ தத்துவத்துக்குப் போய்விடுகிறார்கள். அவருடைய கண் உருவானது அங்கேதான் என்பது என் எண்ணம். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவள ஆய்வுத் துறைக்கு இயக்குநராக இருந்தார். மலைநாட்டுக் கிராமங்களில் நடந்தும் மாட்டு வண்டியிலும் அலைந்தார். 1904இல் தோரியனைட் என்ற கனிமம் உலகுக்குத் தெரியவந்தது அவரால்தான். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள தோரியம் என்கிற அதே தனிமம் அதிலும் இருக்கிறது. கல்லைத் தேடுகிறவனுக்கு முதல் பாடம் ஒன்று உண்டு. ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்தால், எந்த ஊர், எந்தச் சரிவு, எந்த அடுக்கு, எந்தப் பக்கம் என்று எழுதி ஒட்டாமல் பைக்குள் போடக் கூடாது. இடம் தெரியாத கல் வெறும் கல். இடம் குறித்த கல் ஒரு மலையையே சொல்லும். இந்தப் பழக்கத்தை அவர் பிறகு சிற்பத்துக்கும் சித்திரத்துக்கும் கட்டடத்துக்கும் கொண்டுபோனார்.

அலைந்தபோது அவர் தனியாக இல்லை. 1902இல் மணந்துகொண்ட எத்தல் மேரி கூடவே இருந்தார். கனிமத்துக்காகப் போன இடங்களில் கொல்லர், தச்சர், குயவர், பாய் முடைகிறவர்கள், கோயில் சுவரில் சித்திரம் எழுதுகிறவர்கள் எல்லோரையும் கண்டார்கள். கண்டி அரசு 1815இல் வீழ்ந்த பிறகு ஆதரவு இழந்து, பிள்ளைகளை வேறு தொழிலுக்கு அனுப்பிக்கொண்டிருந்த குடும்பங்கள். எத்தல் கேமராவைத் தூக்கினார். இவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். 1908இல் வந்த ‘இடைக்காலச் சிங்களக் கலை’ என்ற பெரிய நூல் இந்த இருவர் உழைப்பில் விளைந்தது. அதன் ஒளிப்படங்கள் எத்தல் எடுத்தவை. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. இரண்டு பெயர் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு இறங்க எனக்கு மனம் வராது. எத்தல் பின்னாளில் கைத்தறி நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் இங்கிலாந்தே வியந்த கைவினையாளர் ஆனார். அந்தக் கண்கள் பார்த்த பார்வைதான் அந்தப் படங்களில் இருக்கிறது.

அந்த நூலை அச்சிட்ட விதமே ஒரு கதை. இங்கிலாந்தில் பிராட் கேம்டன் என்ற சிற்றூரில், பழைய நார்மன் காலத்துச் சிற்றாலயம் ஒன்றைக் கட்டடக் கலைஞர் ஆஷ்பீ குடியிருக்கும் வீடாக மாற்றிக் கொடுத்திருந்தார். இலங்கையிலிருந்து திரும்பிய இருவரும் அங்கேதான் குடியிருந்தார்கள். கவிஞரும் கைவினையாளருமான வில்லியம் மாரிஸ் தம் புத்தகங்களை அச்சிட்ட கை அச்சு இயந்திரம் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. அதில் 1907 செப்டம்பரில் தொடங்கி 1908 டிசம்பர் வரை, பதினைந்து மாதம் அச்சிட்டார்கள். மொத்தம் 425 படிகள். ஒரு நூலை எழுதி, அதற்குப் படம் எடுத்து, அதைத் தம் வீட்டிலேயே அச்சிட்டு, அந்த வீடும் பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்த்து உயிர் கொடுத்த வீடாக இருந்தது என்றால், இவர் எப்படி வாழ நினைத்தார் என்பதை வேறு சொல்லி விளக்க வேண்டியதில்லை.

அந்த நூலில் ஒரு பகுதியை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். புத்தர் சிலைக்குக் கண் திறக்கும் சடங்கைப் பற்றியது. உருவம் முழுவதும் முடிந்த பிறகு, கடைசியாகக் கண்ணை எழுதுவது. நம் ஸ்தபதிகள் கண் திறப்பு என்று செய்கிறார்களே, அதேதான். பொன் ஊசியும் கண்ணாடியும் பசுவும் கன்றும் வைத்து நாம் செய்கிறோம், அவர்கள் அவர்கள் முறையில் செய்கிறார்கள். குமாரசுவாமி அதை வேடிக்கையாக எழுதவில்லை. யார் செய்கிறார், எந்தக் குடி, என்ன கூலி, என்ன மரியாதை, என்ன விதி என்று ஒரு கனிமத்தின் குணத்தை எழுதுவதுபோல் வரிசையாக எழுதுகிறார். கைவினைஞரின் சமூக நிலையைப் பற்றிப் பேசாமல் கைவினையைப் பற்றிப் பேச அவருக்கு வரவில்லை. அந்த நூலின் துணைத் தலைப்பே கைவினைஞரின் நிலையைச் சொல்கிறது.

இதற்கு முன்னால் நம் நாட்டுக் கட்டடங்களைப் படம் பிடித்தவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார்கள். லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1858இல் ஸ்ரீரங்கம், தஞ்சை, மதுரை எல்லாம் வந்தார். நம் வெயிலுக்கு ஈடு கொடுக்க மெழுகு பூசிய தாளில் நெகடிவ் எடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளமான அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, ஒட்டி, ஒரே நீளச் சுருளாக ஆக்கினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஆனால் அவருடைய மதுரைப் படங்களுக்குக் குறிப்பு எழுதியவர்கள் வேறு ஆட்கள். அதற்குப் பிறகு ஜேம்ஸ் ஃபெர்குசன் 1876இல் இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதி முடித்தார். அதற்கு அவர் பெரிதும் நம்பியது மற்றவர்கள் எடுத்த ஒளிப்படங்களை. எடுத்தவர் ஒருவர், குறிப்பு எழுதியவர் ஒருவர், வரலாறு சொன்னவர் ஒருவர். எவருடைய உழைப்பையும் நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்தக் கோயிலைக் கட்டின தச்சனின் வாய்ச்சொல் இந்த மூவருக்கும் இடையில் எங்கேயோ விழுந்துவிட்டது. கொடுங்கை என்றும் கூடு என்றும் குமுதம் என்றும் அவன் சொன்ன சொற்கள் அந்தப் பெரிய புத்தகங்களில் அவன் குரலில் இல்லை.

எடுத்ததை இடத்தோடு குறித்து வைப்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. தாமிரபரணியாகிய பொருநை ஆற்றின் இதே கரையில் மேற்கே ஆதிச்சநல்லூர் இருக்கிறது. தொல்லியலாளர் அலெக்ஸாண்டர் ரே அங்கே 1899 முதல் 1905 வரை தோண்டினார். எடுத்த தாழிகளையும் இரும்பையும் பொன் பட்டங்களையும் பட்டியலிட்டு வைத்தார். அவரே பல்லவர் கட்டடக் கலையைப் பற்றி அளந்து வரைந்து தனி நூலும் செய்தவர். இந்த ஊருக்கு உ.வே. சாமிநாதையர் ஏடு தேடி வந்தது உங்களுக்குத் தெரியும். கவிராயர் வீடுகளில் தேடி, பத்துப்பாட்டுக்கு ஏடு கிடைத்துப் பூரித்துப் போனார். 1889இல் பதிப்பு வந்தது. ஐயர் தம் பதிப்புகளில் எந்த ஏடு எந்த ஊர், யார் வீட்டு ஏடு என்று ஒழுங்காகக் குறித்து வைத்தார். கல்லுக்கும் ஏட்டுக்கும் ஒரே தர்மம்தான். எங்கே எடுத்தாய் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

குமாரசுவாமியின் பிற்கால வாழ்க்கையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜபுத்திர ஓவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்து 1916இல் அதைப் பற்றிப் பெரிய நூல் செய்தார். சேர்த்ததை வைத்து இந்தியாவிலேயே ஒரு தேசியக் காட்சியகம் அமைக்க ஆசைப்பட்டார், அது கைகூடவில்லை. 1917இல் பாஸ்டன் நுண்கலைக் காட்சியகத்துக்குப் போய், வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருந்தார். ‘சிவ நடனம்’ 1918. ‘இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு’ 1927. இந்த வரலாற்று நூலில் 400 படங்கள். ஒவ்வொன்றுக்கும் இடமும் காலமும் எழுதி அடுக்கியிருக்கிறார். படம் அதில் அலங்காரமாக வரவே இல்லை. வாதத்துக்குச் சாட்சியாக வந்து நிற்கிறது.

பாஸ்டனில் அவர் செய்த ஒரு காரியத்தை ஸ்டூடியோக்காரர் மகனான நான் பெருமையோடு சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் ஒளிப்படம் கலையா, வெறும் இயந்திர வேலையா என்று பெரிய இடங்களில் எல்லாம் சண்டை நடந்துகொண்டிருந்தது. அமெரிக்காவின் பெரிய காட்சியகங்கள் ஒளிப்படத்தைக் கலைப் பொருளாக உள்ளே சேர்க்கவில்லை. ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற மேதையிடம் பேசி, 1924இல் அவருடைய 27 படங்களைக் காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் சேர்க்க வழிசெய்தவர் குமாரசுவாமி. ஓவியமும் சிற்பமும் இருக்கிற மாளிகைக்குள் ஒளிப்படத்தின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் ஒரு கொழும்புத் தமிழர். அவரும் கேமரா பிடித்தவர். பிற்காலத்தில் அவர் மணந்துகொண்ட லூயிசாவும் ஒளிப்படக் கலைஞர்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

1930இல் பழைய இந்தியக் கட்டடக் கலையைப் பற்றி அவர் வரிசையாகக் கட்டுரைகள் எழுதினார். ஒன்று நகரங்களும் நகர வாயில்களும். அடுத்தது போதிகரங்கள். 1931இல் அரண்மனைகள். இந்தக் கட்டுரைகளில் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல் இது. அசோகர் காலத்துக்கு முன்னும் பின்னும் நம் நாட்டில் பெரிய நகரங்கள், மாடங்கள், வாயில்கள், மண்டபங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் மரம். மூங்கில், கூரை, மண். கரையான் தின்றது, தீ தின்றது, மழை தின்றது. ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. இல்லாத கட்டடத்துக்கு எப்படி வரலாறு எழுதுவது?

குமாரசுவாமி சிற்பங்களுக்குள் போனார். பர்கூத், சாஞ்சி, மதுரா, அமராவதி என்று பழைய ஸ்தூபங்களின் கல் வேலிகளில் புத்தர் கதைகளைச் செதுக்கியிருக்கிறார்கள். கதை நடக்கிற இடமாகப் பின்னால் வீடு, வாசல், மாடம், சாளரம் எல்லாம் வருகின்றன. பார்ப்பவர்கள் கதையைப் பார்த்தார்கள். இவர் பின்னால் இருக்கிற வீட்டைப் பார்த்தார். தூண் எத்தனை, தூணுக்கு அடியில் பானை வைத்திருக்கிறதா, கூரை விட்டம் எங்கே வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, சாளரத்தின் வளைவு எப்படி இருக்கிறது என்று ஒளிப்படத்தை முன்னால் வைத்துக்கொண்டு எண்ணினார். அதே சமயம் பாலி நூல்களிலும் சமஸ்கிருத நூல்களிலும் கட்டட உறுப்புகளுக்கு என்ன சொல் வருகிறது என்று தேடினார். 1928இல் கட்டடச் சொற்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். சிற்பத்தில் உருவம் இருக்கிறது, பெயர் இல்லை. நூலில் பெயர் இருக்கிறது, உருவம் இல்லை. இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டார். கேமராவும் பேனாவும் கட்டட வரலாறும் ஒருவர் கையில் வந்து சேர்ந்ததால் நடந்தது இது.

பர்கூத் வேலியில் ஒரு சிற்பம். சிவப்பு மணற்கல், ஏறக்குறைய 2100 ஆண்டுப் பழமை. 1873இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கண்டுபிடித்தார். இப்போது கொல்கத்தா இந்தியக் காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் அரச மரம். மரத்தடியில் ஓர் ஆசனம். ஆசனத்தில் யாரும் இல்லை, புத்தரை உருவமாகச் செதுக்காத காலம். மரத்தைச் சுற்றித் தூண்கள். தூண்களுக்கு மேலே ஒரு மாடி. மாடியில் வளைந்த சாளரங்கள். அந்தச் சாளரங்களின் வழியாகவும் கூரைக்கு மேலாகவும் கிளைகள் வெளியே வந்து நிற்கின்றன. மேலே குடை. வானத்தில் பறக்கிறவர்கள் மாலை கொண்டு வருகிறார்கள். சாக்கியமுனியின் போதி என்று பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள்.

இதை ஒரு தெய்வீகக் காட்சி என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். குமாரசுவாமி இதை ஒரு கட்டடம் என்றார். உண்மையில் எழும்பி நின்ற கட்டடம். பாலி நூல்களில் போதிகரம் என்ற சொல் வருகிறது. கரம் என்றால் வீடு. போதி மரத்தின் வீடு. ஒரு மரத்துக்கு வீடு கட்டியிருக்கிறார்கள் என்று காட்டினார். இலங்கையில் குருநாகல் மாவட்டத்தில் நில்லக்கம என்ற இடத்தில் கல்லால் கட்டிய சுற்றுச்சுவரும் நடு மேடையுமாக ஒரு போதிகரம் இன்றும் இருக்கிறது. மரம் போய்விட்டது, வீடு நிற்கிறது.

முன்வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளே, இதை ஒரு கொத்தனார் வேலையாக நினைத்துப் பாருங்கள். சாமி சிலைக்குக் கருவறை கட்டுவது சுலபம், சிலை வளராது. மரம் வளரும். இன்று சாளரத்துக்குள் அடங்குகிற கிளை பத்து வருஷத்தில் சுவரைத் தள்ளும். அதனால் நடுவில் கூரை போட முடியாது, வானத்துக்குத் திறந்தே விட வேண்டும். வேருக்குத் தண்ணீர் போக வேண்டும், ஆனால் தேங்கி நிற்கக் கூடாது. கும்பிட வருகிறவர்கள் மிதித்து வேரை இறுக்கிவிடக் கூடாது. ஆகவே மண்ணை அணைத்து உயரமாக மேடை கட்டு, மேடைக்குச் சுவர் எழுப்பு, சுற்றி நடக்க வழி விடு. எந்த சாஸ்திரமும் படிக்காத ஊரிலும் இதே விடைக்குத்தான் வந்திருப்பார்கள். நம் ஊர் ஆலமரத்து மேடையையும் வேப்பமரத்தடிப் பீடத்தையும் பாருங்கள். குற்றாலத்தில் குறும்பலாவுக்குத் தனிச் சிறப்பு, காஞ்சியில் மாமரத்தடி. மரத்தில் தொடங்கியதுதான் நம் கோயில் என்று நூல்களில் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். மரத்தைச் சுற்றி எப்படிக் கட்டினார்கள் என்று தூண் தூணாக எண்ணிக் காட்டியவர் குமாரசுவாமி.

அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு நம் புளியாழ்வாருக்கு முன்னால் வந்து நின்ற நாளை நான் மறக்க மாட்டேன். அதுவரை ஐம்பது தடவையாவது அங்கே நின்றிருப்பேன். மரத்தைத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் மேடையைப் பார்த்தேன். உயரமாக அணைத்துக் கட்டிய மேடை. அதன் சுவரில் 36 திவ்யதேசத்து எம்பெருமான்கள். இங்கே ஒரு தச்சன் என்ன யோசித்திருக்கிறான் பாருங்கள். மரத்தடியில் உட்கார்ந்து ஆழ்வார் பாட, ஊர் ஊராக எழுந்தருளியிருக்கும் பெருமாள்கள் எல்லாம் இந்த மரத்தைத் தேடி வந்து பாட்டு வாங்கிக்கொண்டார்கள் என்பது நம் வழக்கு. அதை அவன் வாயால் சொல்லவில்லை, வேரைத் தாங்குகிற சுவரிலேயே அவர்களை நிறுத்திவிட்டான். மண் சரியாமல் பிடிக்கிற சுவர் அது. கட்டட வேலையாகப் பார்த்தால் ஒரு தடுப்புச் சுவர். அந்தத் தடுப்புச் சுவரையே நூற்றெட்டுத் திவ்யதேசங்களில் மூன்றில் ஒரு பங்காக ஆக்கியிருக்கிறான்.

குமாரசுவாமி எழுதியது பௌத்தருடைய அரச மரத்தைப் பற்றி. நம்முடையது வைணவப் புளி. இரண்டும் ஒன்று என்று சொல்லி எந்தப் பக்கத்தையும் சிறுமைப்படுத்த நான் வரவில்லை. கல்லும் மரமும் சந்திக்கிற இடத்தில் கொத்தனுக்கு வருகிற சிக்கல் ஒன்றே, அதற்கு அவன் கண்ட வழியும் ஒன்றே என்பதுதான் நான் சொல்வது. இன்னொன்றையும் பாருங்கள். நம் கோயில் கொடுங்கைகளில், அதாவது கல் இறவாரங்களில், வரிசையாகக் கூடு இருக்கும், உள்ளே சில இடத்தில் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். அது பர்கூத் சிற்பத்தில் மாடியில் இருக்கிற அதே வளைந்த சாளரம்தான். மரத்தாலும் வைக்கோலாலும் ஆன கூரையில் காற்று வர வைத்த திறப்பு, கல்லுக்கு வந்த பிறகு திறக்காத அலங்காரமாக நின்றுவிட்டது. ஆவுடையார்கோயிலில் கொடுங்கைக்கு அடியில் மரச் சட்டத்தையும் ஆணியையும்கூடக் கல்லிலேயே செய்து வைத்திருக்கிறார்கள். தச்சன் தன் பாட்டன் வீட்டுக் கூரையை மறக்கவில்லை.

நம் மண்ணில் இப்படி எழுதியவர் யாருமே இல்லை என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலிச் சீமையிலேயே பிறந்த தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் இருந்தார். அரசு வேலை பார்த்துக்கொண்டே, தஞ்சையில் மண்ணில் கிடந்த சிலைகளையெல்லாம் சேர்த்து, 1951இல் கலைக்கூடம் அமையக் காரணமாக இருந்தார். ‘வேங்கடம் முதல் குமரி வரை’ என்று கோயில் கோயிலாக எழுதி, இந்தப் பொருநைக் கரைக்கும் வந்தார். கூடவே கூட்டிக்கொண்டு போவதுபோல் எழுதுவார். எங்கள் வீட்டில் அந்தப் புத்தகங்கள் கைப்பழக்கத்தில் கிழிந்து போயின. அவர் சுவையைக் கொடுத்தார். குமாரசுவாமி அளவுகோலைக் கொடுத்தார். ஒருவர் கோயிலுக்குள் போகிற ஆசையை எனக்கு உண்டாக்கினார், மற்றவர் போன இடத்தில் நின்று பார்க்க வைத்தார்.

குமாரசுவாமியிடம் எனக்கு ஒரு வருத்தமும் உண்டு. கடைசிப் பதினைந்து ஆண்டுகளில் அவர் தத்துவத்துக்குள் ஆழமாகப் போய்விட்டார். அந்தக் கட்டுரைகளை மதிக்கிறேன். ஆனால் பாய் முடைகிறவளின் விரலைப் படமாகவும் எழுத்தாகவும் வைத்த அந்த இளைஞரைத்தான் நான் அதிகம் நேசிக்கிறேன். 1947 ஆகஸ்டில் எழுபது வயது நிறைந்தபோது, இந்தியாவுக்கே திரும்பிவிடப் போவதாக நண்பர்கள் நடுவில் சொன்னார். செப்டம்பர் 9 அன்று காலமானார். பர்கூத் சிற்பங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் பிரெஞ்சு மொழியில் 1956இல்தான் வெளிவந்தது.

இதையெல்லாம் நான் உங்களிடம் வந்து சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இன்று எல்லார் கையிலும் கேமரா இருக்கிறது. கருட சேவை அன்றைக்கு ஒன்பது கருடனுக்கும் எத்தனை ஆயிரம் படம் எடுத்திருப்பீர்கள்! அந்தப் படங்களில் ஒன்றை நாற்பது வருஷம் கழித்து ஒருவர் எடுத்துப் பார்த்தால் எந்த வீதி, எந்த மூலை, எந்த வருஷம் என்று தெரியுமா? திருப்பணி நடக்கிற இடங்களில், பழைய கல்லின் மேல் மணலைப் பீச்சி அடித்து முகமே இல்லாமல் ஆக்கியதை நான் வேறு ஊர்களில் பார்த்திருக்கிறேன். கல்வெட்டின் மேல் டைல்ஸ் ஒட்டியதையும் பார்த்திருக்கிறேன். போனது என்ன என்று சொல்லக்கூட யாரிடமும் குறிப்பில்லை.

என் அப்பா ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் சின்ன ஸ்டூடியோ வைத்திருந்தார். கல்யாணப் படமும் பரீட்சை ஹால் டிக்கெட் படமும்தான் பிழைப்பு. மற்ற நாளில் பெரிய பெட்டிக் கேமராவையும் முக்காலியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு நவதிருப்பதிக்கும் போய்விடுவார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்துவார். “ஏலே, கேமராவச் சாய்க்காத. சாய்ச்சா கோபுரம் பொறத்தால விழும். லென்ஸ் பலகைய மேல ஏத்து.” நான் கோபுரத்தின் உச்சி படத்துக்குள் விழவில்லையே என்று கவலைப்படுவேன். அவர் பலகையை அங்குலம் அங்குலமாக ஏற்றி, கோபுரம் நேராக நிற்கும்வரை விட மாட்டார். கட்டடத்தைக் கோணலாகக் காட்டுவது கட்டியவனுக்குச் செய்கிற துரோகம் என்பது அவருடைய எண்ணம். குமாரசுவாமி என்ற பெயரை அவர் கேட்டிருக்கவே மாட்டார்.

அப்பா காலமான பிறகு அவருடைய கண்ணாடி நெகடிவ்களை நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்ல எனக்குக் கூசுகிறது. சொல்லத்தான் வேண்டும். சுரண்டிக் கழுவி, சாமி படங்களுக்குக் கண்ணாடி போட்டுவிட்டோம். நல்ல கெட்டிக் கண்ணாடி, எதற்கு வீணாக்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருமே நினைத்தோம். மிஞ்சியது ஒரு டிரங்குப் பெட்டி நிறையப் பிரிண்டுகள்.

2023 டிசம்பர் 17, 18. உங்களுக்கு நான் நினைவுபடுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. பொருநை வீட்டுக்குள் வந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, ஜனங்கள் தவித்துக் கிடந்த அந்த இரண்டு நாள். தண்ணீர் வடிந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், படங்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் வண்டல். தட்டில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றாக ஊறவைத்துப் பிரித்தோம். பிரியப் பிரியப் படலம் கழன்று வழிந்தது. கோபுரம் கழன்றது, தேர் கழன்றது, மண்டபத்துத் தூண்கள் விரலோடு வந்துவிட்டன. கையில் வெறும் வெள்ளைத் தாள்.

தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் அப்பாவின் பென்சில் எழுத்து. மையாக இருந்தால் கரைந்திருக்கும். பென்சில் கரையவில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் ஊர், மாதம், நேரம், எங்கே நின்றார், லென்ஸ் எவ்வளவு உயரம் என்று குறித்திருக்கிறார். ஒன்றை இங்கே கொண்டுவந்திருக்கிறேன். கைமாற்றிப் பாருங்கள், ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் இப்படி இருக்கிறது: குருகூர். புளியாழ்வார் மேடைச் சுவர். மூலையிலிருந்து மூன்றாவது மூர்த்தி. தை மாசம், காலை ஏழரை. லென்ஸ் தரையிலிருந்து ஒரு முழம்.

கோயிலில் முறையாக அனுமதி கேட்டுக்கொண்டு, வருகிற தை மாதம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு நான் வந்துவிடுவேன். முன்வரிசைப் பிள்ளைகள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முழக் கயிறும், கோடு போடாத நோட்டும், பென்சிலும் கொண்டுவாருங்கள். பேனா வேண்டாம்.